கல்லைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் பணி

மே மாதம் வந்துவிட்டால் பங்குக் குருவின் அறைக்குப் புதிய கூட்டம் ஒன்று வரத் தொடங்கும். திருமண ஓலைக்கும் ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் வருவோர் ஒருபுறமிருக்க, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்தபடி, “பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம் சாமி?” என்று கேட்டு வரும் பெற்றோரே அக்கூட்டத்தினர். கேள்வி கேட்கும்போதே விடையையும் அவர்கள் மனத்தில் முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள். செவிலியர் பயிற்சி, பொறியியல், வணிகவியல் என்ற மூன்றில் ஒன்றைக் குருவும் சொல்லிவிட்டால் மனநிறைவோடு திரும்புவார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒரு குடும்பம் எனக்குப் புதிய பாடம் ஒன்றைக் கற்பித்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரச் சிற்றூரொன்றில் சிறு தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் அது. தந்தை, தாய், மகள் மூவரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வந்தனர். மகள் அறிவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். தந்தையின் முகத்தில் மட்டும் மகிழ்ச்சி இல்லை.

“இவள் கல்லைப் படிக்கப் போகிறாளாம் சாமி. படித்துவிட்டு அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராகப் போகிறாளாம். கல்லைப் படித்து யார் சாமி கஞ்சி குடித்தது? நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்.”

அந்தத் தந்தையின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. முந்தைய கோடையில் தோப்புக் கிணறு வற்றியபோது, உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்க்கும் ஒருவரை அழைத்து இடம் குறித்தார். மனைவியின் நகைகளை அடகு வைத்து ஆழ்துளைக் கிணறு தோண்டினார். 300 அடியில் நீர் வரவில்லை. “இன்னும் கொஞ்சம் போனால் கிடைக்கும்” என்று சொல்லிச் சொல்லி 760 அடி வரை இறக்கினார்கள். வெளிவந்தது புழுதி மட்டுமே. ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் அந்தத் துளைக்குள் போயிற்று. கல் என்ற சொல்லே அவருக்குக் கசந்தது.

மகளோ அந்தப் புழுதியிலிருந்துதான் தன் ஆசையைக் கண்டெடுத்திருந்தாள். துளையிடும் வண்டி இரவு பகலாக ஓடியபோது, ஏறத்தாழ ஐம்பது அடிக்கு ஒரு முறை மேலே வந்த கல் தூளை மருந்துச் சீசாக்களில் நிரப்பி, ஆழத்தை எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள். “சாமி, மேலே சிவப்பாக இருந்த தூள் தொண்ணூறு அடிக்குக் கீழே கருநீலமாக மாறி, கடைசி வரைக்கும் மாறவே இல்லை. ஏன் மாறவில்லை என்று யாருக்குமே சொல்லத் தெரியவில்லை. ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் அம்மாவின் நகை போயிருக்காது” என்றாள்.

எனக்கும் விடை தெரியவில்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் படித்தவன் நான். காலுக்குக் கீழே இருக்கும் பாறையைப் பற்றி ஒரு மணி நேரப் பாடமும் கேட்டதில்லை. ஒரு மாதம் பொறுக்குமாறு தந்தையிடம் சொல்லிவிட்டு, இத்துறையைக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருக்கு எழுதினேன். அவர் நேரிலேயே வந்துவிட்டார்.

பெயரிலேயே ஒரு குழப்பம்

அவர் முதலில் தீர்த்து வைத்தது பெயர்க் குழப்பத்தை. பள்ளிப் பாடநூலில் ‘புவியியல்’ என்பது நாடு, மலை, ஆறு, தட்பவெப்பம், மக்கள் ஆகியவற்றைப் பற்றிய படிப்பு. மாநில அரசின் ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’ என்னும் பெயரிலோ அதே சொல் பாறை, கனிமம் பற்றிய அறிவியலைக் குறிக்கிறது. பாறைகளையும் அவற்றின் வரலாற்றையும் ஆராயும் படிப்புக்கு நிலவியல் என்றும் புவியமைப்பியல் என்றும் பெயர்கள் உண்டு. ஒரே சொல் இரு துறைகளுக்கு வழங்குவதால், அப்படி ஒரு தனிப் படிப்பு இருப்பதே பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. நம் பள்ளிகளில் பாறையைப் பற்றிய பாடம் சமூக அறிவியலின் ஓரத்தில் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. நிலவியலை முழுமையாகக் கற்பிப்பவர் பெரும்பாலும் கல்லூரியில்தான் இருக்கிறார்.

கிணற்றின் சுவரில் எழுதியிருந்தது

மறுநாள் தோப்புக்குச் சென்றோம். பேராசிரியர் ஆழ்துளையைப் பார்க்கவில்லை; வற்றிய பழைய கிணற்றின் படிகளில் இறங்கி நின்றுகொண்டு சுவரைக் காட்டினார். மேலே நான்கடி செம்மண். அதன் கீழ்ச் சரளை. அதற்கும் கீழே கையால் உதிர்க்கக்கூடிய நைந்த பாறை. அடியில் நீலங்கலந்த கருமையான கட்டிப் பாறை.

“ஐயா, நம் பக்கத்துக் கட்டிப் பாறைக்குள் தண்ணீர் தங்க இடமில்லை. ஆற்று மணலில் இருப்பது போன்ற துளைகள் இதில் இல்லை. நைந்த பகுதியிலும் பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். அதுவும் பாதாளத்திலிருந்து ஊறி வருவதன்று, இந்த மலையிலும் உங்கள் கண்மாயிலும் விழுந்த மழைதான்” என்றார்.

பிறகு அந்தப் பெண் தன் சீசாக்களை வரிசையாக வைத்தாள். அவர் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் கொட்டி, உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தார். “தொண்ணூறு அடிக்குக் கீழே நிறமும் மாறவில்லை, தூளில் நைந்த துண்டும் இல்லை. வெடிப்பே இல்லாத ஒரே பாறை. இதை அன்றைக்கே ஒருவர் பார்த்திருந்தால் முந்நூறு அடியோடு வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பார். பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும்” என்றார். தந்தை ஒன்றும் பேசவில்லை. சீசாக்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலவியல் படித்தவர் எங்கும் தண்ணீர் காட்டிவிடுவார் என்று பேராசிரியர் பெருமை பேசவில்லை. நிலத்துக்குள் மின்னோட்டம் செலுத்தி, எந்த ஆழத்தில் தடை குறைகிறது என்று அளந்து, ஈரமான நைந்த பகுதியையும் வெடிப்புகளையும் ஊகிக்கும் முறை உண்டு; அதுவும் பொய்த்துப் போவதுண்டு. “தண்ணீர் உண்டு என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இல்லாத இடத்தில் ஏழையின் பணத்தைக் கொட்டாமல் தடுக்க முடியும். அதற்கு ஊருக்கு ஒருவராவது கல்லைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். அவரை உருவாக்க ஓர் ஆசிரியர் வேண்டும்” என்றார் அவர். அன்று புதிதாகத் துளையிடச் சொல்லாமல், பழைய கிணற்றைத் தூர்வாரவும், கண்மாய் வரத்துக்காலைச் சீர்செய்யவும் யோசனை கூறிவிட்டுப் புறப்பட்டார்.

நம் மலையின் கதை

அன்று மாலை அவர் சொன்ன செய்திகள், மேற்கே நாள்தோறும் பார்க்கும் மலையை எனக்குப் புதிதாகக் காட்டின. நம் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் கருநீலப் பாறை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா ஆகியவை ஒன்றாக இணைந்து ஒரு பெருங்கண்டம் உருவான காலத்தில், இப்பகுதிப் பாறைகள் இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறின. மேலிருந்தவை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துச் செல்லப்பட, அடியிலிருந்தவை இன்று நம் கண்முன் மலையாக நிற்கின்றன.

இப்பாறையின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. கல்கத்தா நகர வரலாற்றில் இடம்பெற்ற ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறை அங்குள்ள புனித யோவான் ஆலய வளாகத்தில் இருக்கிறது. சென்னைப் பல்லாவரப் பகுதியிலிருந்து சென்ற கல் அது. 1893இல் தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலார் அக்கல்லறையை முன்னிட்டே இப்பாறைக்குப் பெயரிட்டார். திருத்தூதர் தோமா இரத்தம் சிந்திய இடம் என்று மரபு போற்றும் பரங்கிமலையும் இதே பாறையால் ஆனது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அவ்விடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்துள்ளது. அம்மலைக்குத் திருயாத்திரை சென்று வந்த நம்மில் எத்தனை பேர் காலடியில் இருந்த கல்லைக் கவனித்தோம்?

இராஜபாளையத்துக்காரர்களுக்கும் கல்லோடு உறவு உண்டு. அவ்வூரின் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தோற்றுவித்த சிமென்ட் ஆலை, 1960களின் தொடக்கத்தில் விருதுநகருக்கு அருகே இயங்கத் தொடங்கியது. அருப்புக்கோட்டைப் பக்கம் பந்தல்குடியில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் அதற்கு மூலப்பொருள். அச்சுண்ணாம்பு மிகப் பழங்காலத்தில் கடலடியில் படிந்து, பின்னர் நிலத்தின் ஆழத்தில் வெந்து பளிங்குபோல் இறுகியது. கடல் காணாத நம் மாவட்டத்து வீடுகள் ஒரு பழங்கடலின் அடித்தரையால் கட்டப்படுகின்றன.

இவற்றை நமக்கு முன்பே நடந்து பார்த்துப் படித்தவர்கள் உண்டு. 1863இல் பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பின்னர் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலையும் ஆராய்ந்து எழுதினார். ஸ்ரீவில்லிபுத்தூர் அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது.

கற்பித்தவர்கள் மூவர்

“வேலைக்குப் போகிறவர்கள் சுரங்கத்துக்கும் எண்ணெய்க் கம்பெனிக்கும் போகட்டும், கற்பிப்பதில் என்ன இருக்கிறது?” என்று தாய் கேட்டார். அதற்கு மூன்று வாழ்க்கைகளைச் சொல்லலாம்.

தாராஷா நௌஷர்வான் வாடியா 1907இல் ஜம்முவில் உள்ள கல்லூரியொன்றில் ஆசிரியராகச் சேர்ந்தார். இமயத்தின் அடிவாரமே அவருக்கு ஆய்வுக்கூடம். விடுமுறைகளில் மலைகளில் நடந்து கல்லும் புதைபடிவமும் சேகரித்து மாணவருக்குக் காட்டினார். இந்திய மாணவர் கையில் கொடுக்கத்தக்க பாடநூல் இல்லாத குறையை உணர்ந்து, 1919இல் இந்தியாவின் நிலவியல் பற்றித் தாமே நூல் எழுதினார். பல தலைமுறை மாணவர் அதைப் படித்தே தேறினர். 1957இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. இத்தனைக்கும் அடித்தளம் ஒரு கல்லூரியின் வகுப்பறை.

இரண்டாமவர் நம் தஞ்சை மண்ணின் மைந்தர் எம்.எஸ். கிருஷ்ணன். சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல் பயின்றவர். 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வெளிநாட்டவரே தலைமை தாங்கினர். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் இவர். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கல்லாகிக் கிடந்த மரத்தை 1940இல் அறிவுலகுக்கு எடுத்துரைத்தவரும் இவரே. கள ஆய்வு செய்தவர் மட்டுமல்லர். 1943இல் வெளிவந்த இவரது நூலும் கல்லூரிகளில் பாடநூலாக நிலைத்தது.

மூன்றாமவர் ஒரு பெண்மணி. “மலையிலும் காட்டிலும் ஒரு பெண்பிள்ளை அலைவதா?” என்று தயங்கும் பெற்றோர் சுதீப்தா சென்குப்தாவின் வாழ்வை அறிய வேண்டும். கல்கத்தாவின் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியையாக விளங்கியவர். எவரெஸ்ட் வென்ற டென்சிங்கிடம் மலையேற்றம் பயின்றார். 1983இல் அண்டார்க்டிகா சென்ற இந்தியக் குழுவில் இடம்பெற்று, அந்நிலத்தில் கால்வைத்த முதல் இந்தியப் பெண் அறிவியலாளர் இருவருள் ஒருவரானார். 1991இல் அறிவியலுக்கான பட்நாகர் பரிசும் பெற்றார். வீட்டார் அன்று தடுத்திருந்தால் எத்தனை மாணவர்கள் ஓர் ஆசிரியையை இழந்திருப்பார்கள்!

ஆசிரியரின் ஒரு பாடம் என்ன செய்யும் என்பதற்கு, நம் கடற்கரைகள் மறக்க முடியாத ஒரு நாளே சாட்சி. 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், வேளாங்கண்ணியிலும் நாகையிலும் கடல் பொங்கி ஆயிரக்கணக்கானோரை வாரிச் சென்றது. சுனாமி என்ற சொல்லே நம்மில் பலர் அன்றுதான் கேட்டோம். அதே நாளில் தாய்லாந்தின் கடற்கரையொன்றில் டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல்நீர் நுரைத்து வித்தியாசமாக நடந்துகொள்வதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் வகுப்பில் ஆசிரியர் சொல்லிக்கொடுத்த அடையாளம் அதுவே என்று கூச்சலிட்டாள். அங்கிருந்த ஏறத்தாழ நூறு பேர் கரையேறித் தப்பினர். அந்த ஆசிரியர் கடற்கரையில் இல்லை; அவர் நடத்திய பாடம் அங்கே இருந்தது.

விசுவாசத்துக்கு ஆபத்தா?

தாயின் மனத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது. “ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார் என்று ஞானோபதேசத்தில் படித்த பிள்ளை, கோடி கோடி ஆண்டு என்று படித்தால் விசுவாசம் கெட்டுப்போகாதா சாமி?”

இது நேர்மையான கேள்வி. பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்று அறிவியல் கணக்கிடுகிறது. திருநூலை எழுதியவர்கள் பொருள்களின் உள்ளமைப்பைக் கற்பிக்க முற்படவில்லை, மீட்புக்கு உரியதையே கற்பித்தனர் என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1893இல் தம் சுற்றுமடலில் தெளிவுபடுத்தினார். தொடக்கநூல் யார் படைத்தார், எதற்காகப் படைத்தார் என்று சொல்கிறது. எந்த வரிசையில், எத்தனை காலத்தில் என்று பாறை சொல்கிறது. இரண்டுக்கும் ஆசிரியர் ஒருவரே.

இத்துறையின் அடிப்படை விதிகளை வகுத்தவரே பின்னாளில் கத்தோலிக்க ஆயர் ஆனார் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். நிக்கோலாஸ் ஸ்டேனோ 1638இல் டென்மார்க்கில் பிறந்து மருத்துவரானவர். 1666இல் இத்தாலியில் பெருஞ்சுறா ஒன்றின் தலையை அறுத்து ஆராய்ந்தபோது, மலைப்பாறைகளில் கிடைத்த ‘நாக்குக் கற்கள்’ உண்மையில் பழங்காலச் சுறாவின் பற்களே என்று உணர்ந்தார். அடுக்குப் பாறைகளில் கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது என்னும் விதியை 1669இல் வெளியிட்டார். அன்று நம் பேராசிரியர் கிணற்றுச் சுவரை அடுக்கடுக்காகக் காட்டியதும் இத்தகைய வாசிப்பே. ஸ்டேனோ 1667இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, 1675இல் குருவாகி, 1677இல் ஆயரானார். ஏழ்மையில் வாழ்ந்து 1686இல் இறந்தார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1988இல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். கல்லைப் படித்ததால் அவர் விசுவாசம் கெடவில்லை.

வழி எது? விலை என்ன?

இனி, பிள்ளைகளும் பெற்றோரும் அறிய வேண்டிய வழியைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவர் நிலவியலில் இளம் அறிவியல் பட்டம் பெற மூன்று ஆண்டுகள் ஆகும்; முதுகலைக்கு மேலும் இரண்டு ஆண்டுகள். சென்னை மாநிலக் கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சேலம் அரசுக் கலைக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி ஆகியவை இப்பாடத்தில் பெயர் பெற்றவை. தென்பகுதியினரான நமக்கு அருகில் இருப்பது தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி. முதுகலையை இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் படிக்க விரும்புவோர் ‘ஜாம்’ என்னும் நுழைவுத் தேர்வை நிலவியல் பாடத்தில் எழுதலாம்.

கல்லூரி உதவிப் பேராசிரியராக, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணோடு ‘நெட்’ அல்லது மாநில ‘செட்’ தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். விதிகளுக்கு உட்பட்ட முனைவர் பட்டமும் தகுதியாகும். பட்டியலினத்தாருக்கும் பிற்படுத்தப்பட்டோரில் வசதி குறைந்தோருக்கும் மதிப்பெண்ணில் 5 விழுக்காடு சலுகை உண்டு. நெட் தேர்வில் இப்பாடம் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல்கள் என்னும் பிரிவில் அடங்கும். அதில் உயர்ந்த இடம் பெற்று இளநிலை ஆய்வாளரானால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளையும் பெற்றோருக்குப் பாரமாகாமல் முனைவர் பட்டம் வரை செல்லலாம். ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. இப்பாடம் உள்ள கல்லூரிகள் சில. ஆகவே ஆசிரியர் பணியிடங்களும் சிலவே. தகுதி பெற்ற பின்னும் கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த ஊதியத்தில் பல ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். வெயிலில் மலையேறவும், சுத்தியலும் கல் மூட்டையும் சுமக்கவும், இரவில் பாடம் தயாரிக்கவும் உடலும் மனமும் இடம் கொடுக்க வேண்டும். எங்கள் பேராசிரியர் அந்தப் பெண்ணிடம் கேட்டது இதுதான்: “பத்து ஆண்டு காத்திருக்கச் சொன்னால் காத்திருப்பாயா அம்மா?” அவள் உடனே விடை சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “காத்திருக்கும்போதும் ஊரில் கிணறு பார்க்கலாம் அல்லவா ஐயா?” என்றாள். அவர் சிரித்தார். ஆசிரியர் பணி கிடைக்கும் வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை, நிலத்தடி நீர் வாரியம், சுரங்கம், சிமென்ட் ஆலை என மாற்று வழிகளும் உண்டு என்றார். அங்கே பெறும் பட்டறிவு பின்னர் வகுப்பறைக்கும் உரமாகும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

அவ்வாண்டு அந்தப் பெண் கடலோரக் கல்லூரியொன்றில் நிலவியல் சேர்ந்தாள். முதல் பருவக் கட்டணத்தைப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் ஏற்றனர். தந்தையின் கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை; நகைகளில் பாதிதான் மீண்டிருக்கின்றன. தூர்வாரிய பழைய கிணறு சென்ற மழைக்குப் பின் பங்குனி வரை தண்ணீர் கொடுத்தது. சித்திரையில் மீண்டும் வற்றிற்று. எல்லாம் நலமாயிற்று என்று நான் எழுத முடியாது.

ஆயினும் ஒன்று நடந்தது. சென்ற விடுமுறைக்கு வந்திருந்தபோது, மாலையில் நம் ஆலய வளாகத்து மறைக்கல்விப் பிள்ளைகளைக் கூட்டி, அந்தச் சீசாக்களை வரிசையாக வைத்து அவள் பாடம் நடத்தினாள். இருபது பிள்ளைகள் செம்மண்ணையும் சரளையையும் கருநீலத் தூளையும் தொட்டுப் பார்த்தார்கள். சுவரோரம் சாய்ந்து நின்ற தந்தை, ஒரு சிறுவன் வரிசையை மாற்றி வைத்தபோது, “அப்படி இல்லை தம்பி, தொண்ணூறு அடிக்குக் கீழேதான் அது வரும்” என்று தாமே திருத்தினார். மகளுக்கு முன் அவர் மாணவராகியிருந்தார்.

பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும் படிப்பின் பெயர் உங்களுக்குப் புதிதாயிருக்கலாம். அதனாலேயே அதை மறுத்துவிடாதீர்கள். விசாரியுங்கள்; தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; அப்பாதையின் கடினத்தையும் பிள்ளையின் முன் வெளிப்படையாக வையுங்கள். அதன் பின்னும் அவர்கள் உறுதியாக நின்றால், அந்த உறுதியை ஆண்டவர் தந்த அழைப்பாக எண்ணி வழிவிடுங்கள். ஊருக்கு மருத்துவர் வேண்டும், செவிலியர் வேண்டும். நாம் நிற்கும் நிலத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் ஓர் ஆசிரியரும் வேண்டும்.